மழைக்கு முன்னால் கட்டிய பீலி

மேகங்களை ஆளாளாக அடையாளம் தெரிந்த மனிதர் கல்முனைக் கரையில் ஒருவர்தான். அவர் எங்கள் தெருவுக்கே மூத்த அண்ணன்போன்ற ஆவிக் காக்கா. கொதிக்கும் கேத்தலைக் கண்டால் நின்றுவிடுவார். ஹஜ்ஜுக்குப் போகிறவரை வழியனுப்புவதுபோல, ஆவி மறையும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் மேற்கே மிதந்துபோன வெள்ளை மேகமொன்றைக் காட்டினார்.

“அது ஆர்ர எண்டு தெரியுமா தம்பி?”

“ஆர்ர காக்கா?”

“உங்கட ஊட்டுத் தேத்தண்ணி. மலையில முட்டி, ஆத்தோட திரும்பி வரும்.”

“சீனியோடயா?”

“சீனிய நீங்க குடிச்சிட்டீங்களே.”

பள்ளிவாசலில் அவர் பக்கத்தில் இருந்தால், தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுழூச் செய்யப் பைப்பை நூல்போலத்தான் திறக்கலாம். அவருக்குப் பயந்தே ஒரு ஹாஜியார் வீட்டில் வுழூச் செய்துகொண்டு வருவார்.

அந்த வருடம் மாரி பிந்தியது. தெருவெல்லாம் மோட்டர் போட்டு இறைத்ததில் என் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. என் மகள் தலைப்பிள்ளை பெற்றிருந்த நேரம். அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டக் குளிப்பாட்டப் பிள்ளையின் உடம்பு சிவந்து தடித்தது. பவுசர் லொறியில் வந்த தண்ணீர் குடிக்கவே போதவில்லை. அவன் அழுகையில் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

மழை வேண்டித் தொழ, காலையில் எல்லோரும் திடலுக்கு வரும்படி பள்ளியில் அறிவித்தார்கள். நான் தொப்பியோடு புறப்பட, ஆவிக் காக்கா ஏணியோடு வந்தார்.

“எங்க போறீங்க?”

“மழை கேக்க.”

“ஓம், கேக்கத்தான் வேணும். அவன் தந்தா வாங்க ஏனம் வெச்சிருக்கீங்களா?”

என் கூரையில் மழைத்தண்ணீரை ஏந்தி இறக்கும் பீலி இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. பழைய பைப்பொன்றை நீளத்துக்குப் பிளந்து, கூரை விளிம்பில் கட்டி, அதன் நுனியைக் கிணற்றுக்குள் இறக்கினோம். தண்ணீரை வடிக்கத் துணி தேடியபோது, அவர் தன் புதுச் சாரனையே குழாய் வாயில் கட்டிவிட்டு, என் கிழிந்த சாரனை உடுத்துக்கொண்டார். துருவும் தூசுமாகத் திடலில் கடைசி வரிசையில் போய் நின்றோம்.

மழை வரவில்லை. மறுநாளும் இல்லை.

“ஆவிக் காக்கா, சாரன் நல்லாக் காஞ்சிட்டு, எடுத்து உடுங்க,” என்று தெருவே நையாண்டி பண்ணியது.

ஐந்தாம் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வரும்போது கடல் பக்கம் கறுத்தது. வானமே இறங்கி வந்ததுபோல் மழை. ஆவிக் காக்கா நனைந்துகொண்டே ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

“மோட்டரத் தொடாதீங்க தம்பி. நல்ல தண்ணி உப்புக்கு மேலதான் கிடக்கும். வாளியால மெதுவா அள்ளுங்க.”

இன்னும் மூன்று மழை பெய்தபின், மேலாக அள்ளிய தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டினோம். அவன் அழவில்லை. தண்ணீருக்குள்ளேயே கண்ணயர்ந்துவிட்டான். ஆவிக் காக்கா வாளியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவருடைய சொந்தப் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தொழுதபின் இறைவனிடம் கேட்கும் துஆவில், என் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பிறகு, ஆவிக் காக்கா என்றுதான் சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.