ஒரிஜினல் ஹொசஹள்ளிக்காரர்

மெட்ரோ ரயிலின் ஒலிபெருக்கியோடு சண்டை போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் வைட்ஃபீல்டில் எங்கள் ஆபீஸ் ஸ்டோர் இன்சார்ஜ். அப்பா அம்மா வைத்த பெயர் ஐடி கார்டில் இருந்தது. யார் அதைப் பார்த்தார்கள்? எல்லோருக்கும் அவர் ‘ஹொசஹள்ளி’.

ஹொசஹள்ளி என்றால் கன்னடத்தில் புது ஊர். பெங்களூரை விட்டு எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஒரு ஹொசஹள்ளியில் போய்த்தான் முட்டும். இவருடையது ஆனேக்கல் பக்கம். கல் உடைக்க வந்த கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பம். தன் ஊர்தான் அசல், மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்பது அவர் கட்சி. அந்த ஊர்க் கன்னடக்காரர்கள் ஒருவருக்கும் இதைப் பற்றிக் கவலை கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து இவர் ஒருத்தரே கொதித்தார்.

விஜயநகரில் ஒரு ரிசப்ஷனுக்கு இருவரும் மெட்ரோவில் போனோம். மாகடி ரோடு தாண்டியதும், அடுத்த நிலையம் ஹொசஹள்ளி என்றது பெண்குரல். இவர் சீட்டை விட்டு எழுந்துவிட்டார்.

“சுள்ளு! பொய்! யாரும்மா உனக்குச் சொன்னது?”

“அண்ணா, அது ரெக்கார்டிங்.”

“ரெக்கார்டிங்னா பொய் சொல்லலாமா?”

கதவு திறந்து மூடும்வரை அந்த ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இறங்கியதும் கோபம் என் பக்கம் திரும்பியது.

“உன் போன்ல என் பேரை எப்படிப் போட்டிருக்க?”

“ஹொசஹள்ளி ஆனேக்கல்னு.”

“ஆனேக்கல் எதுக்கு? டூப்ளிகேட்டுக்குத்தான்யா அடையாளம் வேணும். எடு அத.”

நான் எடுக்கவில்லை. எங்கள் கேப் டிரைவருக்கும் ஹொசஹள்ளி என்றுதான் பெயர், அவர் ஊர் வேறொரு ஹொசஹள்ளி. ராத்திரி ஷிப்ட் முடிந்து டிரைவருக்குப் போன் போட்டு இவரை எழுப்பினால் வாங்கிக் கட்டிக்கொள்வது யார்? தவிர, எனக்கும் பிடிவாதம் உண்டு.

ஞாயிறு வந்தால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு டூப்ளிகேட்டுக்குக் கிளம்பிவிடுவார். பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லத்தான். திங்கட்கிழமை காலை ஸ்டோர் பக்கம் போக எல்லோருக்கும் பயம்.

“அங்கயும் ஏரிக்கரைல மாரம்மா கோயிலு. அங்கயும் மரத்தடில குதிரை மேல வீரன் உக்காந்திருக்கற கல்லு. கேட்டா, பிளேக் வந்துச்சு, பழைய ஊரை விட்டுட்டு இங்க வந்தோம்ங்கறான். எங்க கதைய்யா அது! வருஷத்துக்கு ஒரு நாள் அம்மனைப் பழைய ஊரு இருந்த எடத்துக்குத் தூக்கிட்டுப் போய்ச் சோறு படைச்சுக் கூட்டிட்டு வருவோமே, அதையும் காப்பியடிச்சிட்டானுங்க!”

“அண்ணா, பிளேக் எல்லா ஊருக்கும்தானே வந்துச்சு?”

“வரட்டும். வேற பேரு வச்சுக்கறது. பேருக்கா பஞ்சம்?”

இருப்பதிலேயே பெரிய சண்டை ஹொஸ்கோட்டே பக்கத்து ஹொசஹள்ளியில். அங்கே ஒரு கௌடர் மோர் கொடுத்து உட்கார வைத்து, ‘எங்கள் வீரக்கல்தான் பழசு’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நம்மவர் விடுவாரா? சந்தாபுரா திருப்பத்தில் ஆரம்பித்துத் தன் வீட்டு வாசல்வரை வழியில் இருக்கும் மரம், மேடு, பம்புசெட் ஒன்று விடாமல் ஒப்பித்து, இப்படிப்பட்ட ஊர் அசலா, உன்னுடையது அசலா என்று கத்திவிட்டு வந்தார். அப்புறமும் திருப்தி இல்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு கௌடருக்கென்றே ஒதுக்கிவிட்டார்.

இந்த லட்சணத்தில் மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீடு கோலார் தங்கவயல். பெண்ணை ஒரு உறவினர் வீட்டில் பார்த்திருந்தார்கள். நிச்சயத்துக்குத்தான் முதன்முதலாக ஊருக்கு வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் இவர் அனுப்பிய விலாசம் இதுதான்: ஹொசஹள்ளி, மாரம்மா கோயில் எதிரில், பந்தல் போட்ட வீடு. ‘ஆனேக்கல்னு ஒரு வார்த்தை போடுங்க’ என்று அவர் மனைவி கெஞ்சினார், மகள் கெஞ்சினாள், நானும் கெஞ்சினேன். மனிதர் மசியவில்லை.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். பதினொரு மணிக்கு வரவேண்டியவர்களைப் பன்னிரண்டுக்கும் காணோம், இரண்டுக்கும் காணோம். போன் கிடைக்கவில்லை. பட்டுப்புடவையில் அந்தப் பெண் ஜன்னலருகே நின்ற நிலையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனிதனுக்கு இவ்வளவு ஜம்பம் ஆகுமா? வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அவர் மனைவி முந்திக்கொண்டார்.

“உங்க ஒரிஜினல் ஊர்ல உங்க பொண்ணு அழுதுகிட்டு நிக்கறா. மாப்பிள்ள எந்த டூப்ளிகேட்ல நிக்கறாரோ, போய்த் தேடுங்க!”

அவர் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தார். அப்போது போன் அடித்தது. கௌடர்!

“ஏன்ப்பா, உங்க சம்பந்தி நம்ம வீட்ல ஊட்டா, சாப்பாடெல்லாம் பண்ணிட்டு உக்காந்திருக்காங்க.”

நடந்தது இதுதான். மாப்பிள்ளை வீட்டார் வேனை அவர்கள் போன் மேப் கௌடர் ஊருக்கு இட்டுச்சென்றிருக்கிறது. அங்கேயும் மாரம்மா கோயில், எதிரில் பந்தல். கௌடர் பேரனுக்குப் பெயர் வைக்கும் விசேஷம். வந்தவர்களை யாரோ உறவு என்று நினைத்து வரவேற்க, பெண் வீட்டில் இன்னொரு விசேஷமும் சேர்ந்து நடக்கிறது என்று இவர்களும் உட்கார்ந்துவிட, பெயர் வைத்து முடிந்ததும் இலை போட்டிருக்கிறார்கள். பாயசம் வரைக்கும் வந்த பிறகுதான் மாப்பிள்ளையின் மாமா, ‘பெண் எங்கே?’ என்று கேட்டிருக்கிறார். கௌடர் தலையில் கைவைத்துக்கொண்டு, ‘அந்தக் கோபக்காரர் வீட்டுப் பொண்ணா!’ என்றாராம்.

“நீ பதறாதே. நானே முன்னால வந்து கூட்டிட்டு வரேன்” என்றார் கௌடர் போனில்.

“என் ஊருக்கு வழி உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாமே? மாசா மாசம் வந்து அதைத்தானேப்பா சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டே!”

நாலு அடித்துப் பத்து நிமிடத்தில் வேன் வந்து நின்றது. முன்னால் கௌடரின் ஜீப். ஓட்டமும் நடையுமாகத் தட்டு மாற்றினார்கள். பெண் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நம்மவர் கௌடரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார், தொண்டை அடைத்துக்கொண்டது. கௌடர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு மரத்தடி வீரக்கல்லைச் சுற்றிவந்து பார்த்தார்.

“எங்க கல்லு இதை விடப் பெருசு” என்றார்.

தொண்டை உடனே திறந்துகொண்டது. விளக்கு வைத்த பிறகும் இருவரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

கல்யாணப் பத்திரிகை வந்தது. விலாசம் அதே ஹொசஹள்ளிதான், ஆனேக்கல் என்ற பேச்சே இல்லை. அடியில் மட்டும் ஒரு வரி: ‘வழி தெரியாதவர்கள் ஹொஸ்கோட்டே ஹொசஹள்ளி கௌடரைக் கேட்கவும்’.

எனக்கு வந்த கோபத்தில் அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்று போனை எடுத்தேன். திரையில் ‘ஹொசஹள்ளி ஆனேக்கல்’ என்று இருந்தது. அடையாளம் டூப்ளிகேட்டுக்குத்தானே? ஆனேக்கலை அழித்துவிட்டு, ஹொசஹள்ளிக்குப் போன் போட்டேன்.