நான் பிரிக்காத பொட்டலம்

கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் எவனையும் நம்பாதீர்கள். அவனுக்குத் தெரிந்தது அவன் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் மட்டும்தான். இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அந்த எவனும் நான்தான்.

கொடைக்கானல் ஏரிக்குப் பின்னால் ஒரு மாடியறையில் எங்கள் அலுவலகம். கம்ப்யூட்டரில் அழிந்துபோனதை மீட்பது, யார் அழித்தது, எப்போது அழித்தது என்று தடயம் பார்த்து வக்கீல்களுக்கு அறிக்கை எழுதித் தருவது எங்கள் வேலை. முதலாளி ராஜமாணிக்கம் சார், ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். ஊழியர்கள் என்று பார்த்தால் நான். (‘டிஜிட்டல் தடயவியல் நிபுணர்’ என்று கார்டு அடித்து, மாவு மில்காரர் முதல் கோயில் பூசாரி வரை ஒருவர் விடாமல் கொடுத்திருந்தேன். பூசாரி அதில் விபூதி மடித்துத் தருவதைப் பிறகு பார்த்தேன்.) விண்டோஸ் என்றால் எதைக் கொடுத்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்தத் திமிருக்கு வேட்டு வைக்க, விண்டோஸே இல்லாத ஆப்பிள் கம்பெனிக் கம்ப்யூட்டர், ஒரு மேக், வந்து சேர்ந்தது. ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கும் ஒரு தங்கும் விடுதியின் கம்ப்யூட்டர் அது. சீசன் முழுவதற்கும் வந்திருந்த அறைப் பதிவுகள் அத்தனையும் அதிலிருந்து காணாமல் போயிருந்தன. வரவேற்பில் உட்காரும் பரிமளாதான் ஏதோ கோபத்தில் அழித்துவிட்டாள் என்று விடுதிக்காரர் அவளை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். மாதக் கடைசிக்குள் வேறு பதில் வராவிட்டால் போலீஸில் புகார் கொடுப்பதாகவும் சொல்லியிருந்தார்.

பரிமளா நேரே எங்கள் மாடிக்கே வந்துவிட்டாள். “சார், வாரவங்க பேர ஏத்துறது என் சோலி. அத அழிக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? நீங்க வெரசாப் பாத்துச் சொல்லுங்க. வீட்ல என் ஒரு சம்பளந்தான் ஓடுது.”

“கவலப்படாதம்மா, நான் பாத்துக்கிறேன்” என்றேன். அவள் போன பிறகு மேக்கின் மூடியைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

“ஏலே பாண்டி, என்னலே தொறந்து தொறந்து மூடுற? அதென்ன பெட்டிக்கடையா?” என்றார் ராஜமாணிக்கம் சார்.

“இது வேற மாதிரி சார். நான் இதத் தொட்டதே இல்ல.”

“அப்பப் போயிப் படிச்சுட்டு வா.”

தேடிப் பார்த்ததில் ஒரே வாரத்தில் இரண்டு பயிற்சிகள் இருந்தன. மதுரையில் நடப்பது மேக்கை இதுவரை தொடாதவர்களுக்கு. கோவையில் நடப்பது ஏற்கெனவே மேக்கில் தடயம் பார்க்கிறவர்களுக்கான உயர்நிலைப் பயிற்சி. என் நிலையில் இருப்பவன் எதற்குப் போக வேண்டும் என்று பால்வாடிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். ஆனால் மதுரைப் பாடத்திட்டத்தின் முதல் வரியே ‘கணினியை இயக்குதல்’ என்று இருந்தது. நிபுணர் என்று கார்டு அடித்தவன் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? இடம் தீர்வதற்கு முன்னால் வெள்ளனே பெயர் கொடுக்க வேண்டும் என்றார் சார். நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

“என்னங்க, இதுக்குப்போயி மண்டையப் போட்டுக் குழப்பிக்கிட்டு. பூக்கட்டிப் பாத்துருவோம்” என்றாள் என் மனைவி தேன்மொழி.

எங்கள் பக்கம் பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா என்று முடிவெடுக்க முடியாதபோது இப்படித்தான் செய்வோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். இரண்டையும் சாமி முன்னால் வைத்தால் பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமி உத்தரவு. வெள்ளை வந்தால் மதுரை, சிவப்பு வந்தால் கோவை என்று பேசிக்கொண்டோம். (சைபர் குற்றத் தடயவியல் பயிற்சியை இந்த முறையில் தேர்ந்தெடுத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

“நீங்க குளிச்சுட்டு வாங்க, நான் கட்டி வைக்கிறேன்” என்றாள். அந்த வாரம் கோவையில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, போக முடியாது என்று நான் ஏற்கெனவே கையை விரித்திருந்தேன். அந்தக் கோபத்தை மனசில் வைத்துக்கொள்ளாமல் எனக்காகப் பூக்கட்டுகிறாளே என்று குளித்துக்கொண்டே நெகிழ்ந்துபோனேன்.

தெருக்கோடி முருகன் கோயிலில் பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். செக்கச்செவேல் என்று அரளி. முருகனே என்னை உயர்நிலை ஆள் என்று சொல்லிவிட்டான், இனி மாவு மில்காரர் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “அத இங்குட்டுக் குடுங்க சாமி, நானே மரத்தடியில போட்டுர்றேன்” என்று மீதிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தேன்மொழி வேகமாக நடந்தாள். என்ன பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்க கோவைக்குப் போகும்போது நான் மட்டும் இங்கே எதற்கு என்று அவளும் பெட்டியைக் கட்டினாள். பழனிப் பாதையில் பஸ் இறங்கியது. மலையில் பிறந்து வளர்ந்தவன்தான், ஆனால் வளைவில் பஸ் திரும்பினால் என் வயிறும் திரும்பிவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் ஒட்டவைக்காத குறையாகக் கோவை போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பு எடுத்தவர் நிவேதிதா மேடம். என்னைவிட வயதில் சின்னவர். ஒவ்வொருவரையும் அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு, மூன்று என்றார்கள். “பன்னிரண்டு” என்றேன் நான். பொய் இல்லை. எதில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“அப்படின்னா சார் முன்னாடி வாங்க. எல்லாருக்கும் செஞ்சு காட்டுங்க” என்றார் மேடம்.

மேஜை மேல் ஒரு மேக். அதில் நான் செய்வது பின்னால் சுவரளவு திரையில் தெரியும். சந்தேக நபரின் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொண்டு, எதையும் கலைக்காமல் நகல் எடுக்க வேண்டும். எதையும் கலைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

இடது மூலையில் ஸ்டார்ட் பட்டனைத் தேடினேன். இல்லை. சி டிரைவைத் தேடினேன். அதுவும் இல்லை. கீழே வரிசையாகச் சில படங்கள் இருந்தன. மவுஸைக் கொண்டுபோனால் ஒவ்வொன்றும் குலோப்ஜாமூன் மாதிரி உப்பியது. ஒன்றைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். காணாமல் போய்விட்டது. பதறிப்போய் அடுத்ததை இழுத்தேன், அதுவும் போயிற்று. போனதைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று இழுக்க இழுக்க வரிசையே காலியாகிக்கொண்டு வந்தது. வியர்த்துக் கொட்ட, கடைசியில் ஆஃப் பட்டனை அழுத்திப் பிடித்து கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டேன்.

மேடம் பொறுமையாகக் கேட்டார்: “சார், நீங்க விசாரிக்க வந்தவரா, விசாரணைலேருந்து தப்பிக்க வந்தவரா?”

பக்கத்தில் இருந்த கோவைக்காரர் குனிந்து, “ஏனுங்க, நெசமாவே பன்னெண்டு வருசங்களா?” என்றார்.

“விண்டோஸ்லங்க” என்றேன். கூரை பறந்துபோகிற மாதிரி சிரித்தார்கள்.

அப்படியே பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஆனால் ஓடினால் மாதக் கடைசியில் பரிமளா போலீஸ் ஸ்டேஷனில் நிற்பாள். அவளிடம் ‘நான் பாத்துக்கிறேன்’ என்று சொன்ன வாய் இதே வாய்தான். வெட்கத்தை விட்டு மேடத்திடம் போய், “எனக்கு ஆன் பண்றதுலேருந்து சொல்லிக் குடுங்க” என்றேன். பாவம், அந்தப் பெண் தினமும் தன் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு மட்டும் தனியாக மதுரைப் பாடத்தை நடத்தினார். ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் மவுஸ். தேன்மொழியோ வளைகாப்பு வீட்டிலிருந்து போன் பண்ணி, “முருகன் காட்டுன வழி, வீணாப் போகாதுங்க” என்று தைரியம் சொன்னாள். பின்னணியில் கண்ணாடி வளையல் சத்தம் கலகலவென்று கேட்டது.

ஊர் திரும்பி மேக்கைத் திறந்தேன். மூடாமல் வேலை பார்த்தேன். விடுதிக்காரரின் போனும் இந்தக் கம்ப்யூட்டரும் ஒரே கணக்கில் இணைந்திருந்தன. அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும். பதிவுகளை அழித்தது அவருடைய போன்.

“போன்ல எடம் இல்லேன்னு சொல்லுச்சு. வாசல்ல காட்டுமாடு நிக்கிது, வீடியோ எடுக்கணும்ல? எதையோ ஒண்ண அழிச்சேன்” என்றார் விடுதிக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. நல்லவேளை, அழித்ததை அந்தக் கணக்கு கொஞ்ச நாள் தனியாக எடுத்து வைத்திருக்கும். அத்தனையும் திரும்ப வந்தது. பரிமளாவும் வேலைக்குத் திரும்பினாள். எனக்கு அன்று வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பேரிக்காய்க் கூடையோடு வீட்டுக்கு வந்தாள். ராஜமாணிக்கம் சாரும் இருந்தார். முருகன் எனக்குக் கோவையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கதையைக் கைகால் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பரிமளா பேரிக்காயைக் கடித்தபடியே கேட்டாள்: “ஆமா சார், இன்னொரு பொட்டலத்துல என்ன இருந்துச்சு?”

“வெள்ளைப் பூதான், வேறென்ன?”

“பிரிச்சுப் பாத்தீங்களா?”

நான் தேன்மொழியைப் பார்த்தேன். தேன்மொழி ஜன்னலைப் பார்த்தாள். “அதுவும் செவப்புத்தேன்” என்றாள்.

“சாமி விஷயத்துலயேவா?” என்றேன்.

“அவருக்கென்ன, ரெண்டு பொண்டாட்டிக்காரரு. மச்சினி வீட்டு விசேஷத்துக்குப் போகலேன்னா வீட்ல என்ன நடக்கும்னு அவருக்குத் தெரியாதா?”

ராஜமாணிக்கம் சார் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். அன்றிலிருந்து நான் எந்த அறிக்கையை நீட்டினாலும், “இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சியாலே?” என்று கேட்காமல் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. வளைகாப்பு நடந்த மச்சினிக்குப் பிறந்த பிள்ளைகூட இப்போது என்னைக் கண்டால் ‘பொட்டலம் பெரியப்பா’ என்றுதான் கூப்பிடுகிறது.

போன வாரம், லீவுக்கு என் அக்கா வீட்டுக்குப் போவதா, தேன்மொழியின் தங்கை வீட்டுக்குப் போவதா என்று பேச்சு வந்தது. பூக்கட்டிப் பார்ப்போம், வெள்ளை வந்தால் அக்கா வீடு, இந்தத் தடவை நான் கட்டுகிறேன் என்றேன்.

“தாராளமாக் கட்டுங்க. ஆனா நான் ரெண்டையும் பிரிச்சுப் பாப்பேன்” என்றாள் தேன்மொழி.

கையில் இருந்த வெள்ளை அரளி இரண்டையும் சத்தமில்லாமல் பின்னால் மறைத்துக்கொண்டேன்.