ஆர்டன்ஷா ஆலைப் படமும் பாடாத என் அம்மாவும்

ஆர்டன்ஷா வார இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பதாகவே கொள்கிறேன். நான் நலமாக இல்லை.

பழைய ஆலையில் திறந்திருக்கும் நினைவுக்கூடத்தில், 1974ஆம் ஆண்டின் ஒலியற்ற படம் ஒன்று சுவரில் ஓடுகிறது. தறிகளுக்கு நடுவே இரண்டு பெண்கள் வாயசைக்கிறார்கள். கீழே பலகை: 'வேலைக்கிடையே துதிப்பாடல் பாடும் நெசவாளிகள்'. அவர்களில் ஒருவர் காலஞ்சென்ற என் அம்மா டோரீன் ஆர்மராட். தேவாலயத்தில்கூட அவர் ஒரு வரி பாடியதில்லை. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் குரலே கேட்காது என்பதும், நெசவாளிகள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள் என்பதும் இவ்வூரில் பூனைக்குக்கூடத் தெரியும். கூடத்தின் செயலாளர் திரு. பில்லிங்குக்குத் தெரியவில்லை. ஆகவே படத்தில் உள்ள இன்னொருவரான எட்னா கிரிம்ஷா அம்மையாரை நேரில் அழைத்துச் சென்றேன்.

"பாட்டா? அட போடா லெஸ்லி. மேஸ்திரி கால்சட்டை பின்னாடி கிழிஞ்சிருக்குன்னு உங்கம்மா சொல்றா. யாரும் அவன்கிட்ட சொல்லித் தொலைக்காதீங்கடின்னு நான் சொல்றேன்."

இரவு முறையில் இருபது ஆண்டுகள் தறி ஓட்டியவரும், ஆங்கிலத்தைக் காதால் கற்பதற்கு முன் உதடுகளிலிருந்தே கற்றவருமான திரு. கராமத் ஹுசைன், படத்தைத் தனியாகப் பார்த்து அதையே சொன்னார். "கால்சட்டைதான் சார். அந்த மேஸ்திரிய எனக்கும் தெரியும்." பில்லிங் அசையவில்லை. "இருக்கட்டும் சார், ஜனங்களுக்குப் பாட்டுதான் பிடிக்குது" என்றார். அதற்குள் பலகையை நம்பித் துதிப்பாடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாத்திரம் துடைக்கும் துண்டுகளில் அச்சிட்டு விற்கிறார்கள். நான் துணைத் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியின் பிள்ளைகளே வெள்ளிதோறும் என் அம்மாவின் முன் நின்று அதைப் பாடுகிறார்கள். நானும் உடன் நிற்க வேண்டியிருக்கிறது.

உழைத்தவர்கள் பேசியதைத் துடைத்துவிட்டு அவர்கள் வாயில் நன்றியைத் திணிப்பது மரபைக் காப்பது ஆகாது. கூடத்தில் பாதிப் படமே ஓடுகிறது. முழுப் படமும் ஓட வேண்டும்; இருவரும் பேசிய ஒவ்வொரு வார்த்தையும், பெயர்களுடன், ஒன்றுகூட விடாமல் பலகையில் பொறிக்கப்பட வேண்டும். இக்கடிதத்தை முதல் பக்கத்தில் வெளியிடக் கோருகிறேன்.

தங்கள் இதழ் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
லெஸ்லி ஆர்மராட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் எட்னா அம்மையார் வந்தார்; படத்தின் மீதிப் பாதியையும் பார்த்துவிட்டாராம். அதில் என் அம்மா சொல்வது: "எங்க லெஸ்லி கிறிஸ்துமஸ் நாடகத்துல ஆடா நடிச்சான்ல, அந்த வேஷத்தக் கழட்ட மாட்டேங்கறான்டி. ஒன்பது நாளாச்சு. டீச்சர் பேர் கூப்பிட்டா மேன்னு கத்தறான். கஞ்சியக்கூட தரையில வெச்சாத்தான் குடிக்கறான்."

"ஒரு வார்த்தை விடாம போடணும்னியே கண்ணு" என்றார் எட்னா அம்மையார்.

முதல் பக்கம் வேண்டாம். எந்தப் பக்கமும் வேண்டாம். பலகை இருந்தபடியே இருக்கலாம். நிதானமாக யோசித்தால், அம்மா பாடக்கூடியவர்தான்.