கணினிக்குக் காவல் போன ஆர்வில்

"என் உசிரு இருக்கிற வரைக்கும் ஒரு குழந்தையும் இதுல கை வைக்காது" என்று ஆர்வில் டோலெஃப்சன் சூளுரைத்தார்.

அமெரிக்காவின் பனி கொட்டும் டுலூத் நகரில் தெருவுக்கு ஒரு கணினி இருந்தாலே அதிசயமாகப் பார்த்த காலம் அது. ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவர் ஒன்று வாங்கியிருந்தார். விசையைத் தட்டினால் சளி பிடித்த குரலில் எழுத்தின் பெயரைச் சொல்லும். அது அலுத்துப்போனால் சமையலறைக்குள் புகுந்து மனைவியின் டப்பாக்களை அகரவரிசையில் அடுக்குவார். அந்தக் கணினியைத்தான் மாதாகோயில் அடித்தள மழலையர் பள்ளிக்குக் கேட்டாள் மனைவி ஆர்டிஸ்.

"பசங்க கை பூரா ஜாம், ஆர்டிஸ்."

"ஆமா."

"மூக்குல விட்ட விரலை அப்படியே விசையில வைக்கும்."

"வைக்கும்தான். குடுக்காதே. நீயே கொண்டுபோ, பக்கத்துலயே காவலுக்கு உக்காரு, நீயே திருப்பிக் கொண்டுவா."

ஆர்டிஸ் எதிர்த்துப் பேசாத நாள்களில்தான் அவர் தோற்பார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அது அவருக்கு உறைக்கவில்லை.

மறுநாள் கணினிக்குக் கம்பளி போர்த்தி, பனிச்சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துப் போனார். பள்ளியில் நாலு வயது ஐலி கேட்காமலே அவர் மடியில் ஏறினாள். ஜாம் விரலால் தன் பெயரைத் தட்டினாள். கணினி ஒவ்வொரு எழுத்தாக இருமியது. திரையைப் பார்த்து, "இது நானு" என்றாள். விசையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காவல் குளிர்காலம் முழுக்க நீண்டது. அந்தக் கரகரக் குரலும் ஈரக் கையுறை வாடையும் இன்றும் அவருக்கு இனிக்கின்றன.

பனி உருகும் சமயம், வண்ணத்தாள் எடுக்கப் பள்ளி அலமாரியைத் திறந்தார். உள்ளே இரண்டு புதுக் கணினிகள், பெட்டிகூடப் பிரிக்காமல்.

"இலையுதிர் காலத்துலயே வந்துடுச்சு" என்றாள் ஆசிரியை லவோன்.

"பின்னே என்னோடது எதுக்கு?"

"ஆர்டிஸ்தான் உங்களை அனுப்புறேன்னாங்க. அதுவும் நல்லதாப் போச்சு. இந்தப் பெட்டியில மடி வரலையே."

நெஞ்சு நிமிர வீட்டுக்கு நடந்தார். ஆர்டிஸ் டப்பாக்களைத் தன் இஷ்டப்படி கலைத்து வைத்துவிட்டு, தோழிகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தாள்.

"அங்கதான் கம்ப்யூட்டர் இருந்துச்சே, பின்னே ஏன் என்னோடதைக் கேட்டே?"

ஆர்டிஸ் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் எங்கே கம்ப்யூட்டரைக் கேட்டேன், ஆர்வில்? என் சமையலறையைத்தான் கேட்டேன்."