எட்டுக்கிழமை பாய்

ரங்கூன் நகரத்தில் வாரத்துக்கு எட்டு நாள் வாழ்ந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். நாமெல்லாம் ஏழு நாளையே தள்ள முடியாமல் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவர் எட்டாவதாக ஒரு நாளை எங்கிருந்தோ பிடித்து வந்து, அதற்கும் செலவுப்பணம் ஒதுக்கி, அதிலும் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். எட்டுக்கிழமை பாய் என்று கூப்பிடுவோம்.

ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. வண்டிகளுக்குச் சீட்டு தைத்துக் கொடுப்பது தொழில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவன். படித்தவர்களுக்கு எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரியும். எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே பட்டு வைத்துவிடுவேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒரு காலை பட்டறை வாசலில் ஒரு பூனை வந்து நின்றது. பஸ் அளவுப் பூனை. பஸ்தான். ஜப்பானில் பாலர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போய்ப் பழசான பின்பு கப்பலேறி நம் ஊருக்கு வந்தது. முகப்பில் இரண்டு காது, மீசை, வாயெல்லாம் சிரிப்பு. அதற்குள்ளிருந்து ஆறடிக்குக் குறையாத ஒரு மனிதர், மடக்கி வைத்த ஏணி பிரிவது மாதிரி பகுதி பகுதியாக இறங்கினார். இறங்கியதும் நடுரோட்டில் நின்றார். ஜப்பான் பஸ்ஸுக்குக் கதவு இடது பக்கம். நம் ஊரில் வண்டி ஓடுவது வலது பக்கம். வாசற்படி நேராகப் போக்குவரத்துக்குள் திறந்தது. பிரேக் போட்டுத் திட்டிய டாக்ஸிக்காரனுக்கு அவர் ஒரு சலாம் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“சயா, இதுல முப்பத்திரண்டு சீட்டு இருக்கு. எல்லாத்தையும் பிரிச்சு எனக்கு ஒரே ஒரு மெத்தை போட்டுக் குடுங்க.”

சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார். இங்கே ஸ்பானர் பிடித்தவனும் சயாதான், ஊசி பிடித்தவனும் சயாதான். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனுக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

“மெத்தையா? அப்ப பாசஞ்சர் எங்க உக்காருவாங்க, பாய்?”

“பாசஞ்சர் நான்தான். டிரைவரும் நான்தான். இனிமே வீடும் இதுதான். நாப்பது வருஷம் ஆணிக்கடையில நின்ன இடத்துலயே நின்னுட்டேன், சயா. ஆணியாவது வித்தா ஒரு வீட்டுக்குப் போவுது. நான் எங்கேயும் போகல.”

மனைவி மவுத்தாகி ஒரு வருஷம் முடிந்திருந்தது. பிள்ளைகள் இல்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டார். திங்கட்கிழமை தோறும் தம்பி கையில் கொடுக்கும் ரொக்கம்தான் அந்த வாரத்துக்கு. அதற்கு மேல் ஒரு கியாட் கேட்க மாட்டேன் என்று அவரும், கொடுக்க மாட்டேன் என்று தம்பியும் மனப்பூர்வமாக ஒத்துப்போயிருந்தார்கள்.

மெத்தை முடிந்ததும் இன்னொரு வேலை சொன்னார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு துணி. அதில் வாரச் செலவுக்கு நாளுக்கு ஒன்றாகப் பைகள். நான் ஏழு பை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

“ஒண்ணு குறையுதே.”

“வாரத்துக்கு ஏழு நாள்தானே, பாய்?”

“எந்த ஊருல இருக்கீங்க நீங்க? பகோடாவைச் சுத்தி எத்தனை மூலை? பொறந்த கிழமைக்கு ஒண்ணா எட்டு. புதன்கிழமை காலையில பொறந்தவனுக்கு ஒரு மூலை, மத்தியானத்துக்கு மேல பொறந்தவனுக்கு வேற மூலை. அவனுக்குத் தந்தமுள்ள ஆனை, இவனுக்குத் தந்தமில்லாத ஆனை. அந்த மத்தியானத்துக்குப் பேருகூட உங்க ஆளு பேருதான், ராகு.”

“அது சாமி கும்பிடறதுக்கு, பாய். உங்களுக்கு ராகு ஏது?”

“எனக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. ஆனா பெட்ரோல் விக்கிறவனுக்கு இருக்கு. அவனுக்குன்னு ஒரு நாள் வேணாமா?”

எட்டாவது பையைத் தைத்தேன். அன்றைக்கே பெயர் விழுந்தது.

ராகு பை பெட்ரோலுக்கு. மற்ற ஏழும் வயிற்றுக்கும் மற்றச் செலவுக்கும். ஒரு நாளின் பை காலியானால் அந்த நாள் முடிந்தது. மறுநாள் பையில் கை வைக்க மாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பையில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா பாதிக் கிண்ணத்துக்குத்தான் காசு இருந்தால், பாதிக் கிண்ணம் கேட்பார். கடைக்காரம்மா பாவப்பட்டு முழுசாக ஊற்றினால், “ஞாயிற்றுக்கிழமையை ஏம்மா இன்னிக்கே ஊத்துற?” என்று கோபித்துக்கொள்வார்.

புதன்கிழமை முடி வெட்டிக்கொள்வது தனிக்காட்சி. காலைப் பையில் இருக்கும் காசு பாதித் தலைக்குத்தான் வரும். வலது பக்கம் வெட்டி முடித்ததும் போர்வையோடு அப்படியே உட்கார்ந்திருப்பார். சுவர்க்கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியதும், “ம், அடுத்த நாள் வந்திருச்சு, ஆரம்பி” என்பார். பெட்ரோல் பைக்குள் முடி எப்படி வந்தது என்று நான் ஒரு முறை கேட்டுவிட்டேன். “ராகு தலைதானே சயா, உடம்பு ஏது அவனுக்கு? தலைச் செலவு அவன் கணக்கு” என்றார். ராகுவைப் பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது.

அந்தப் பஸ் எப்போதும் எதிர்த்திசையைப் பார்த்தே நிற்கும். கதவு நடைபாதைப் பக்கம் வர வேறு வழியில்லை. பின்னால் எடுக்கும்போது உள்ளேயிருந்து ஒரு ஜப்பான் பெண் குரல், ஜாக்கிரதை என்றோ என்னவோ பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லும். பாய் திரும்பிப் பார்க்காமலே, “சரிம்மா, சரிம்மா, பாத்துதான் எடுக்கிறேன்” என்பார். ஒரு நாள் அந்தக் குரல் வேலை செய்யவில்லை. பட்டறையிலேயே வண்டியைப் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியனுக்காக மூன்று நாள் காத்திருந்தார். “குரல் இல்லாட்டி என்ன, பாய்? கண்ணாடி இருக்கே” என்றேன். “பேச்சு மூச்சில்லாத வீட்டுல ஒரு வருஷம் இருந்துட்டுத்தான் வந்தேன்” என்றார்.

முதல் வருஷம் மாண்டலே வரை போனார். அடுத்த வருஷம் புரோம். ஊர் ஊராக நின்று, ராகு பை நிரம்பக் காத்திருந்து, நிரம்பிய அளவுக்கு ஓட்டி, தீர்ந்த இடத்தில் தங்கினார். பெட்ரோல் விலை ஏற ஏற அதே பை பக்கத்து ஊரான பெகு வரைக்கும்தான் கொண்டுபோனது. பிறகு பாதைகளும் சரியில்லாமல் போயின. கடைசியில் அவருடைய பயணமெல்லாம் நகரத்துக்குள்ளேயே என்றானது. திங்கட்கிழமை அலோனில் படகுத்துறைப் பக்கம், வாரத்தின் நடுவில் எங்கள் தெரு, வார முடிவில் மிங்கலாடோன். விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, “வெளியூருக்குப் போயிட்டு வந்தேன், சயா. தண்ணி ஒத்துக்கல” என்று இருமிக் காட்டுவார். அவர் ஊர் சுற்றுவதை நிறுத்தவில்லை. சுற்றுவதற்கு இருந்த ஊர்தான் சுருங்கிவிட்டது.

வங்கியில் வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று அளந்து கொடுத்த நாட்களில், விடிவதற்குள் போய் வரிசையில் நிற்போம். பாய்க்கு வங்கியில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் வருவார். பூனையை எதிரே நிறுத்திவிட்டு வரிசையோரமாக நடந்து, “வாங்க, வாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல இப்பத்தான் சேர்ந்திருக்கீங்க. பை எத்தனை தெச்சீங்க, ஏழா? ஃபெயிலு!” என்பார். அந்த வரிசையில் சிரிப்பு கேட்டது என்றால் அது அவர் வந்துபோன பக்கம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வாரம் வந்தது. வெளியாள் ஒருவர் இரவு தங்கினால் வார்டு ஆபீஸில் விருந்தாளியாகப் பதிய வேண்டும் என்பது பழைய சட்டம். இப்போது அதைக் கடுமையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். இங்கே பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் உண்டு; எங்கள் தலைவர் நல்ல மனிதர். அவரே வந்து பாயிடம் சொன்னார்: தெருவில் வண்டி நிற்கலாம், ஆனால் அதில் தூங்கும் ஆள் ஏதாவது ஒரு வீட்டின் விருந்தாளியாகப் பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமைக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும். அலோனிலும் மிங்கலாடோனிலும் ஏற்கனவே இதையே சொல்லிவிட்டார்களாம்.

தம்பி தயாராக இருந்தார். கடைக்கு மேலே ஓர் அறை, அங்கே வந்து இருந்துகொள்ளலாம். பஸ்ஸைக் கோழி ஏற்ற ஒருவர் விலை பேசியிருக்கிறார்.

பாய் இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “கோழிக்கு முப்பத்திரண்டு சீட்டையும் திரும்பத் தெச்சுக் குடுங்க, சயா. மெத்தை வேணாம்.” என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்கு சொல்லியிருப்பேன். கேட்காததால் மூன்று நாள் தூக்கம் போயிற்று. என் வீட்டு விருந்தாளியாகப் பதிந்தால் என் பெயரும் காகிதத்தில் ஏறும். நாளைக்கு ஏதாவது என்றால் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். ஏதாவது என்றால் என்னவென்று எனக்கே தெரியாது. தெரியாததுதான் பயம்.

வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஏங்க, ஆறாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கீங்கல்ல?”

“ஆமா.”

“பேரு எழுதத் தெரியும்ல?”

“ஏன்?”

“அப்புறம் ஒரு மனுசன் பேரை எழுதறதுக்கு எதுக்கு மூணு நாளு?”

வீட்டு ஆட்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு வார்டு ஆபீஸுக்குப் போனேன். அங்கே குமாஸ்தா மா தீடா என்கிற பெண். பெரிய புத்தகத்தைத் திருப்பிப் பேனாவைத் திறந்தாள். பேச்செல்லாம் பர்மிய மொழியில்.

“விருந்தாளி பேரு என்ன, ஊலே?” ஊலே என்றால் சித்தப்பா.

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் நான் அவர் பெயரைக் கேட்டதே இல்லை.

“ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு இரண்டு தெரு ஓடினேன். பாய் பூனையின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், விற்கப்போகும் வண்டியைத் துடைக்கிற மாதிரி.

“பாய், உங்க பேரு என்ன?”

“எதுக்கு? கோழிக்காரனுக்கா?”

“வார்டு ஆபீஸுக்கு. நம்ம வீட்டு விருந்தாளின்னு எழுதணும். சீக்கிரம், அந்தப் பொண்ணு பேனாவைத் திறந்து வச்சிருக்கு.”

ஏதாவது சொல்லிச் சிரிப்பார் என்று நின்றேன். அவர் சிரிக்கவில்லை. துணியைக் கீழே வைத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பர்சிலிருந்து அடையாள அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். கார்டைக் கொடுத்த பிறகும் அவர் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

மா தீடா அட்டையைப் பார்த்து எழுதினாள். “எங்க தூங்குவாரு?”

“பஸ்ஸுல.”

“ஊலே, விருந்தாளி வீட்டுக்குள்ள தூங்கணும். பஸ்ஸு வீட்டுக்குள்ள வருமா?”

“வராது. ஆனா பஸ்ஸுக்குள்ள ஒரு வீடு இருக்கும்மா.”

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். “ஹால்” என்று எழுதிக்கொண்டாள். பதிவுச் சீட்டு ஏழு நாளைக்குத்தான். அதற்குப் பிறகு திரும்ப வந்து புதுப்பிக்க வேண்டும்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் வாரா வாரம் போனேன். சட்டம் தெரிந்தவன் மாதிரி நடக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். போன மழை முடிந்தபோது ஒரு நாள் பாய், “ராகு பை மூணு வாரமா அப்படியே இருக்கு, சயா. புரோம் வரைக்கும் ஒரு சுத்து” என்று கிளம்பினார். போய்ச் சேர்ந்து ஒரு முறை போன் செய்தார். இன்ஜினில் ஏதோ சாமான் போய்விட்டதாம். ஜப்பானிலிருந்து வர வேண்டுமாம், இல்லை யாராவது லேத்தில் கடைந்து கொடுக்க வேண்டுமாம். அவர் குரலில் கவலையே இல்லை. அவர் பங்குக் கவலையையும் சேர்த்து நான் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு லைன் கிடைக்கவில்லை.

அந்த வாரமும் நான் வார்டு ஆபீஸுக்குப் போனேன். இல்லாத ஆளைப் பதிவது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் சீட்டு விட்டுப்போனால், அவர் திரும்பி வரும்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போது எழுதுவார்களோ மாட்டார்களோ. அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும்.

ஆறாவது வாரம் மா தீடா பேனாவைத் திறக்கவில்லை.

“ஊலே, பூனை பஸ்ஸைத் தெருவுல காணோமே?”

“ரிப்பேருக்குப் போயிருக்கு.”

“ஆளு?”

“வீட்டுல... தூங்குறாரு.”

“போன வாரமும் தூங்குறாருன்னீங்க.”

“கொஞ்சம் அலுப்பு.”

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள். பெயரை எழுதினாள், இப்போது அட்டையைக் கேட்காமலே எழுதுகிறாள். முத்திரையைக் குத்திச் சீட்டை என் பக்கம் தள்ளினாள்.

“எழுந்திருச்சா சாப்பிடச் சொல்லுங்க.”

“சொல்றேம்மா” என்றேன்.