கஸ் அத்தான் நட்ட ஜூனிப்பர்

பைன் ஹாலோ, கலிஃபோர்னியா
செவ்வாய்க்கிழமை

அன்பு அக்கா ஆர்லீனுக்கு,

தம்பி வெர்னன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான், வாண்டா, பூனை மூவரும் இந்த வரி வரைக்கும் நலம். அடுத்த வரிக்கு உத்தரவாதமில்லை. மலைக்குப் பின்னால் மூன்று நாளாகப் புகை. பெட்டிகள் காரில் ஏறிவிட்டன. ஒஹையோவில் உன் முட்டிவலி தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை நடக்கும் தீயணைப்புப் பரிசோதனையில் தோட்டம் தேறாவிட்டால் வீட்டுக்குக் காப்பீடு கிடையாது என்று கம்பெனிக்காரன் எழுதிவிட்டான், இந்தப் புகையில் காப்பீடு போனால் நாங்கள் தெருவில்தான், என் பெண்டாட்டி வாண்டாவோ போன வருடமே இந்த மண்ணுக்குரிய பூச்செடிகளாகத் தேடி வைத்திருக்கிறாள், பென்ஸ்டெமன், கொலம்பைன், ஃபுஷியா, வருடா வருடம் தானே துளிர்ப்பவை, இலையில் ஈரம் நிற்குமாம், சட்டென்று பற்றாதாம், தேனீயும் வருமாம். முப்பது வருடம் தபால் கொடுத்தவன் நான், காகிதத்தில் இருப்பதையெல்லாம் நம்புவேனா? சமையலறைத் தொட்டிக்கு மேல் லைட்டரை வைத்து ஒவ்வொரு இலையாகக் காட்டினேன். புஸ்ஸென்று அடங்கிவிட்டன. சரி, ஒப்பிட்டுப் பார்ப்போமே என்று ஜன்னல் வழியே கை நீட்டி, கஸ் அத்தான் நட்ட ஜூனிப்பர் புதரில் ஒரு கொப்பு ஒடித்துக் காட்டினேன். அக்கா, எனக்கு இப்போது இடது புருவம் இல்லை.

"ஊரே பத்திக்குமோன்னு நடுங்கிட்டிருக்கு, நீ வீட்டுக்குள்ள கொளுத்திப் பாக்குறியா?" என்றாள் வாண்டா.

இன்று காலை முன்னோட்டம் பார்க்க அதிகாரி குயின்டெரோ வந்தாள். பூச்செடிகளைப் பார்த்து முகம் மலர்ந்தது. "நல்லா இடைவெளி விட்டிருக்கீங்கம்மா. மரத்தூள் போடாம கல்லு போட்டதும் நல்லது." பிறகு ஜன்னலோரம் வந்து நின்றுவிட்டாள்.

"சார், இது புதர் இல்ல, பெட்ரோல் பீப்பா. சுவத்துலேருந்து அஞ்சடிக்குள்ள செடியே கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டிடுங்க."

"அது எங்க அத்தான் நட்டதும்மா. அவர் இப்ப இல்ல."

அவள் தொப்பியைக் கழற்றினாள். "இருந்திருந்தா அவரே வெட்டியிருப்பார் சார். அது சரி, புருவம் என்னாச்சு?"

"ஆராய்ச்சி" என்றாள் வாண்டா.

ரம்பத்தை எடுத்தேன், கை வரவில்லை. நீ இங்கே வந்தால் பையை இறக்குமுன் அந்தப் புதரைத்தானே தடவிப் பார்ப்பாய்? நீ சரியென்றால்தான் வெட்டுவேன். கடிதம் உன்னிடம் வர நான்கு நாளாகும், வெள்ளிக்கு மூன்றே நாள், தபால்காரனுக்குத் தெரியாதா? ஆனால் போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது. பயமாக இருக்கிறது அக்கா.

கர்த்தர் உன் முட்டியையும் எங்கள் கூரையையும் காப்பாராக.

உன் தம்பி,
வெர்னன்

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் மறந்துவிடு. எனக்குத் தெரியாமல் வாண்டா உனக்குப் போன் போட்டு என் கையில் திணிப்பாள் என்று கண்டேனா? "அடேய், அது கடைக்காரன் தூக்கிப்போட வச்சிருந்ததுடா! நீ பாத்திரம் கழுவுறப்ப உன் மூஞ்சி வெளிய தெரியக்கூடாதுன்னுதான் உங்க அத்தான் ஜன்னல்கிட்ட நட்டார். வெட்டித் தொலை" என்று சிரித்தாய். பிறகு உன் சிரிப்பு நின்றது.

வெட்டிவிட்டேன். பாத்திரம் கழுவும்போது இப்போது தேனீக்கள் தெரிகின்றன. அவற்றுக்கும் என் மூஞ்சி தெரிகிறது. அப்படியும் வருகின்றன என்று அத்தானிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.