ஆர்க்கிட் கன்றுகளும் சகலையின் விசிலும்

இந்த விடுமுறைக்குச் சகலை வீட்டுக்குப் போவதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவு கட்டிவிட்டார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் தெருவுக்கெல்லாம் அவர் கண்ணாடிக்காரர். மனைவிக்கு மட்டும் ‘ஏங்க’.

சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், கழுத்தில் தொங்கும் விசில் இல்லை. விருந்தாளி யாரானாலும் விடிவதற்குள் எழுப்பி மைதானத்தைச் சுற்றி ஓட விடுவார். போன தடவை வாங்கிய மூச்சைக் கண்ணாடிக்காரர் இன்னும் விட்டபாடில்லை.

ஆகவே மனைவி நம்பும்படி ஒரு காரணம் வேண்டும். கடைவீதியில், கண்ணாடிப் புட்டிக்குள் ஜெல்லியில் முளைத்திருந்த ஆர்க்கிட் கன்றுகளைப் பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டது. வாங்கி வந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஜெல்லி போக வேர்களை அலசி, ஈரப் பாசியில் நட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தார். ஒவ்வொன்றும் வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுதான்.

வெயில் படக்கூடாது, வெளிச்சம் படவேண்டும். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கக்கூடாது என்று மனைவிக்கு விளக்கினார். அதெல்லாம் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பச்சைக் குழந்தை மாதிரி, பழகின குரல் கேட்காவிட்டால் ஏங்கிவிடும், யாராவது தும்மினால் பயந்துவிடும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

“உங்க அக்கா போன்ல ‘வாடி’ன்னு கூப்பிடுறாங்க. நாம போனா இதுங்க வாடிடும். நான் என்ன பண்ணட்டும், சொல்லு,” என்றார் துக்கத்தோடு.

மனைவி நம்பிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் வறுப்பது பொரிப்பது நின்றது. டிவி ஊமையானது. தும்மல் வந்தால் கண்ணாடிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். குரல் பழகுவதற்காகச் செய்தித்தாளைக் கன்றுகளுக்கு உரக்கப் படித்தார். விபத்துச் செய்திகளை மட்டும் விட்டுவிடும்படி மனைவி கேட்டுக்கொண்டாள். போகட்டும், சகலை வீடு தப்பியதே என்று அவர் மனம் குளிர்ந்திருந்தது.

விடுமுறை தொடங்கிய அன்று காலையில் வாசலில் விசில் கேட்டது. சகலை நின்றார். பின்னால் அவர் மனைவி. உள்ளே இருந்து கண்ணாடிக்காரர் மனைவியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அக்காவும் நானும் கடற்கரைப் பக்கம் போயிட்டு வரோம். பச்சப்புள்ளைங்களை வச்சுக்கிட்டு நீங்க தனியாத் திண்டாடக்கூடாதுன்னு அத்தானைத் துணைக்கு வரச் சொன்னேன்,” என்றாள்.

சகலை டப்பாவைப் பார்த்துவிட்டு, கன்றுகள் வரிசையில் நிற்கவில்லை என்று வருத்தப்பட்டார். அன்றே அவை உயரப்படி நிறுத்தப்பட்டன. மறுநாள் விடியுமுன் முதல் விசிலுக்குக் கண்ணாடிக்காரர் எழுந்தார்; இரண்டாவதற்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்தார்; மூன்றாவதற்கு மொட்டை மாடியைச் சுற்றி ஓடினார். கன்றுகளுக்கு விசில் பிடித்துவிட்டது போலிருக்கிறது, தளதளவென்று நிமிர்ந்துகொண்டன. ஏங்கிப் போனது கண்ணாடிக்காரர்தான்.

தாங்கமுடியாமல், சகலை குளிக்கப் போன நேரம் பார்த்து மனைவிக்குப் போன் போட்டார். கன்றுகள் நன்றாகத் தேறிவிட்டன, புது வேர்கூட விட்டிருக்கிறது, இனித் தான் தனியாகவே பார்த்துக்கொள்ள முடியும், சகலையை அனுப்பிவிடலாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“தேறிடுச்சா? எல்லாம் அத்தான் கைராசிங்க. பூக்க இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகுமாமே, அதுவரைக்கும் உங்ககூடவே இருக்கட்டும்னு அக்கா சொல்லிட்டா.”